ஊசி குத்திய விரல்

"ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரைய அப்பா ஒழுங்கா சாப்பிட்டாராம்மா?"

அப்பாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. காலையில் தையல் மெஷின் மேலேயே சாய்ந்தவர். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம். இப்போது மூச்சு மட்டும்தான் மிச்சம். அதுவும் இழுத்து இழுத்து.

"நிறுத்தி மூணு மாசம் ஆச்சு டாக்டர்."

"ஏன்?"

"அப்பா டெய்லர். விரல்ல ஊசி குத்தினா ரத்தம் நிக்க மாட்டேங்குதுன்னாரு. ஒருத்தரோட கல்யாணச் சட்டை, வெள்ளை, கறையாகி வீணாப் போச்சு. அன்னையிலேர்ந்து தொடல."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன மாசம்கூட கேட்டேனே. சாப்பிடுறேன்னாரே. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

இருந்தாள்தான். அன்று டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவள் வாயெடுப்பதற்குள் மேஜைக்கடியில் அப்பா அவள் காலை மிதித்தார். வெளியே வந்ததும், "அத்தனை பேர் காத்துக் கெடக்கறப்ப ஊசி, கறைன்னு உக்காந்து கதை சொல்லச் சொல்றியா? கோவிச்சுக்குவாரு" என்றார்.

கடையில் அப்பா இப்படியா? "சரியா இருக்கு" என்று யாராவது சட்டையைக் கழற்றப் போனால் விடமாட்டார். "வாயால சொல்லாதீங்க. கையத் தூக்குங்க. உக்காந்து எந்திரிங்க" என்று படுத்தி எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார். டாக்டர் முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு.

"சொல்லியிருந்தா அளவக் குறைச்சிருக்கலாம். வேற மாத்திரைகூட..." டாக்டர் பாதியில் நிறுத்தினார். "நானும் நிமிந்து பாத்துக் கேட்டிருக்கணும்."

அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அப்பாமேலும் வந்தது. தன்மேல் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா காலை மிதித்தால் என்ன, தனக்கு வாய் இருந்ததே?

டாக்டர் மெதுவாக விளக்கினார். வீக்கம் என்றார், அழுத்தம் என்றார், இனி அறுவை சிகிச்சைக்கும் வழியில்லை, இன்றையப் பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்றார். பாதிதான் அவள் காதில் ஏறியது.

"புரிஞ்சுதாம்மா? ஏதாவது கேக்கணுமா?"

இந்த முறை அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்க எவ்வளவோ இருந்தது. அப்பாவுக்கு வலிக்கிறதா? பேசினால் கேட்குமா? டாக்டருக்குப் பின்னால் நர்ஸ் அடுத்த படுக்கையின் ஃபைலோடு நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்ல டாக்டர். புரிஞ்சுது."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு எழுந்து போனார்.

சாயங்காலம் நாலரைக்கு மூச்சு நின்றது. நர்ஸ் வந்து குழாய்களைக் கழற்றும்வரை அப்பாவின் இடது கை அவள் மடியிலேயே இருந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகள். எல்லாம் நன்றாக ஆறியிருந்தன.