பாட்டு தொடங்கும் வரை

1957 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து நோர்டல் என்னும் சிற்றூரில், டிவெட் சவ அடக்க இல்லத்தில், ஐவர் ஸ்டென்ஸ்ருட் என்ற விவசாயியின் இறுதி ஆராதனை தொடங்கியது.

ஆர்டிஸ் அந்த வீட்டு மாடியில்தான் வளர்ந்தாள். கீழே இறந்தவர்கள், மேலே அந்த இல்லத்தை நடத்திய அப்பா ஓர்வில் டிவெட், அம்மா ஜெனீவா, ஒன்பது வயது ஆர்டிஸ். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள்.

"ஏய் சாவு வீட்டுக்காரி, உங்க சாப்பாட்டு மேசைக்குக் கீழ இன்னைக்கு யாரு படுத்திருக்காங்க?"

"இன்னைக்கு யாரும் இல்ல. உன் தாத்தாவுக்குத்தான் இடம் துடைச்சு வெச்சிருக்கு."

ஆர்டிஸுக்கு அத்தனை வாய். ஆனால் வீட்டுக்குள் அந்த வாய்க்குப் பூட்டு உண்டு. கீழே ஆராதனை நடந்தால் மேலே காலணி கிடையாது, வானொலி கிடையாது, வெங்காயம் வதக்கக்கூடாது, கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிடக்கூடாது. மாடித் தரையில், கீழிருந்து சூடு ஏறிவர, இரும்புக் கம்பிவலை போட்ட திறப்பு ஒன்று இருந்தது. கீழே பேசுவது அதன் வழியாக மேலே கேட்கும். மேலே பேசுவது கீழே கேட்கும். எதுவானாலும் ஞானப்பாட்டு தொடங்கும் வரை பொறுக்க வேண்டும். ஆர்கன் முழங்கி எல்லோரும் பாடும்போது நடக்கலாம், இருமலாம். நடக்கப் பழகியபோதே ஆர்டிஸ் இதையும் பழகிவிட்டாள்.

இருமல் என்று அன்று அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தலையணையில் வாயைப் புதைத்து இருமிக்கொண்டிருந்தாள். அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மேசை விளிம்பைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். பலகை கிறீச்சிடாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"அம்மா?"

"ஷ்ஷ். நெஞ்சுல என்னமோ அடைக்குது. கையெல்லாம் இழுக்குதுடி."

"அப்பாவைக் கூப்பிடட்டுமா?"

"போதகர் பேசிட்டிருக்கார். பாட்டு வரட்டும்."

"அவர் எப்ப முடிப்பாரு? செத்தவங்களே எழுந்து போதும்னு சொன்னாதான் முடிப்பாருன்னு நீதானே சொன்னே."

அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கீழ ஐவரோட பொண்டாட்டி உக்காந்திருக்கா. இது அவளோட நாள். நாம கெடுக்கக் கூடாது, கண்ணு."

ஆர்டிஸ் ஈரத்துணி கொண்டுவந்து அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஆர்டிஸ் கம்பிவலையருகே தவழ்ந்துபோய்க் குனிந்தாள். அப்பாவின் வழுக்கைத் தலை நேர் கீழே தெரிந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். போதகர் ஐவரின் உழைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ விசும்பினார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள்.

ஆர்கன் ஒலித்தது. முதல் வரியிலேயே ஆர்டிஸ் பின்படிக்கட்டில் இறங்கி ஓடினாள். கதவோரம் நின்ற அப்பா, காலுறையோடு வந்த மகளைப் பார்த்து முகம் சுளித்தார். உதட்டில் விரல் வைத்து, மேலே போ என்று கையைக் காட்டினார். அவள் போகவில்லை. அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாள்: "அம்மா எழுந்திரிக்கல."

அந்த ஊரில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வண்டியும் சவ வண்டியும் ஒன்றேதான். "வழியில மனசு மாறிடாதே, ஓர்வில்" என்று சொல்லித்தான் கிழவர்கள் அதில் ஏறுவார்கள். அன்று அது வாசலில் ஐவரின் சவப்பெட்டிக்காகப் பூ நிரப்பி நின்றது. ஓர்வில் மனைவியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்ததும் பாட்டு அறுந்தது. ஆட்கள் ஓடிப்போய் மலர்வளையங்களை வெளியே இழுத்தார்கள். ஓர்வில், ஐவரின் மனைவி ஸ்டென்ஸ்ருட் அம்மாளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"போப்பா, போ" என்றாள் அவள், இரண்டு கையிலும் பூவை வாரியபடி. "என் வீட்டுக்காரருக்கு இனிமே என்ன அவசரம்?"

கூரைமேல் சிவப்பு விளக்கை வைத்து ஓர்வில் வண்டியை விரட்டினார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தேவாலயத்துப் பெண்கள் காப்பி போட்டார்கள். ஆர்டிஸைத் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்ட ஸ்டென்ஸ்ருட் அம்மாள், "நீ ஏன்டி கண்ணு சத்தம் போடல?" என்று கேட்டாள்.

"நீங்க அழுதுட்டிருந்தீங்க" என்றாள் ஆர்டிஸ்.

அந்த அம்மாள் ஆர்டிஸின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் வண்டி தெருமுனையில் திரும்பியது. விளக்கு எரியவில்லை. மெதுவாக வந்தது. அப்பா எப்போது வேகமாக ஓட்டுவார், எப்போது மெதுவாக ஓட்டுவார் என்று ஆர்டிஸுக்குத் தெரியும். அவள் எழுந்து நின்றாள்.

ஜெனீவா வழியிலேயே இறந்திருந்தாள். மருத்துவமனையில் பார்த்துச் சொன்னதும், ஓர்வில் அவளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். நான்கு பேர் அவளை உள்ளே தூக்கிப் போனார்கள். பிறகு பூக்களை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். ஐவர் ஸ்டென்ஸ்ருட்டை இருட்டுவதற்குள் அடக்கம் செய்தார்கள். வண்டியை ஓர்வில்தான் ஓட்டினார்.