தைலமரம் எந்தப் பத்தியில்?

மணி நாலேகால். ஐந்துக்கு டாக்ஸி வந்துவிடும். இயக்குநர் சண்முகசுந்தரம் மீனம்பாக்கம் போய் கொழும்பு விமானத்தைப் பிடிக்க வேண்டும். அவர் எடுத்துப்போகும் அட்டவணை தப்பு என்பது அந்த நேரம் பார்த்துத்தானா சூடாமணியின் கண்ணில் பட வேண்டும்!

ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த அந்தச் சின்னக் காட்டியல் ஆய்வு நிலையத்தில் அவள் ஆறு வருஷமாகத் தற்காலிக உதவியாளர். தற்காலிக வேலைகள் எல்லாம் எழுபத்துநாலாம் வருஷத்தோடு சரி என்று தாக்கீது வந்தாகிவிட்டது. அவளை நிரந்தரமாக்கும் தாள் சண்முகசுந்தரத்தின் மேசையில் இருந்தது. ஊருக்குக் கிளம்புமுன் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். ஆதம்பாக்கத்தில் அவள் சம்பளத்தை நம்பி நாலு வயிறு.

இந்தியாவிலும் இலங்கையிலும் யாரும் நடாமல் தானாக வளர்ந்த காடு எழுபத்திரண்டு வரையான இருபது வருஷத்தில் எவ்வளவு கூடியது, குறைந்தது என்பதுதான் அட்டவணை. இலங்கையின் கோடு இறங்கிக்கொண்டே போனது. நம்முடையது அறுபத்தெட்டு வரை இறங்கி, பிறகு கம்பீரமாக ஏறியது. அந்த ஏற்றத்தைக் காட்டித்தான் கொழும்பு மாநாட்டில் அவர் பேசப்போகிறார்.

நாலே வருஷத்தில் காடு இப்படி எழுந்து நிற்குமா என்று சந்தேகப்பட்டு, ஏற்றம் முழுக்க வந்த நீலகிரிப் பதிவேட்டைப் புரட்டினாள். அத்தனையும் தைலமரம். நட்டு, வளர்த்து, வெட்டிய தோப்பு, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்திருந்தது. இரண்டாம் தடவை யாரும் நடவில்லை. அதனால் அட்டவணையில் 'தானாக வளர்ந்தது' என்ற பத்தியில் அவளே கைப்பட ஏற்றியிருந்தாள். நட்டார்களா, விதைத்தார்களா என்று பார், இரண்டும் இல்லையென்றால் தானாக வளர்ந்தது என்று வேலைக்கு வந்த முதல் வாரம் சண்முகசுந்தரம் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டதன் பலன். இலங்கைக்காரர்கள் தழைத்ததையும் நட்ட காட்டோடுதான் வைத்திருந்தார்கள். தைலமரத்தைக் கழித்ததும் நம் கோடு அவர்களுடையதைவிட வேகமாகச் சரிந்தது.

திருத்திய தாளோடு அவர் அறைக்குள் போனாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். “நடலைன்னா தானா வளந்ததுதானே. இதுல என்ன தப்பு?”

“முதல்ல நட்டது யாரு சார்?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தயாரித்தவரின் சுருக்கொப்பம் இல்லாமல் எந்த அட்டவணையும் அந்த அலுவலகத்தின் வாசலைத் தாண்டாது. பழைய அட்டவணை அவள் சுருக்கொப்பத்துக்காகக் காத்திருந்தது. போடாவிட்டால் உன் தாளில் நானும் போடமாட்டேன் என்று மிரட்டுவார் என்று நினைத்தாள். மாட்டேன் என்ற வார்த்தையை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

பியூன் கபாலி எட்டிப் பார்த்தான். “டாக்ஸி வந்து நின்னுக்கினு கீது சார்.”

சண்முகசுந்தரம் மேசை டிராயரைத் திறந்து அவள் தாளை எடுத்தார். நிதானமாகக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அவளிடம் நீட்டினார்.

“ஒங்க வேலை வேற, இது வேற. ஆறு வருஷமா நல்லாத்தான் செஞ்சிருக்கீக. இனி ஒங்களை யாரும் அசைக்க முடியாது” என்றவர், இரண்டு அட்டவணைகளையும் அவள் முன்னால் வைத்தார். “எதுல போடணுமோ போடுங்க. நான் எதுவும் சொல்லல.”

அவள் பேனாவைத் திறந்தாள். சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை. அவருடைய நரைத்த கிருதாவும், பயணத்துக்காக இஸ்திரி போட்ட சட்டையும், கொழும்பில் நாலு பேர் முன்னால் தான் வகுத்த விதியே தப்பு என்று ஒப்புக்கொண்டு அவர் நிற்கப்போவதும் கண்முன் வந்தன. இத்தனை செய்தவரை எப்படி விட்டுக்கொடுப்பது?

கீழே டாக்ஸிக்காரன் ஹாரனை அழுத்தினான். பழைய அட்டவணையின் அடியில் சுருக்கொப்பமிட்டாள்.

அவர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தலையசைத்துவிட்டு இறங்கினார். நிரந்தரத் தாளைப் பிடித்துக்கொண்டு சூடாமணி அங்கேயே நின்றாள். மிரட்டியிருந்தால் போட்டிருக்கமாட்டாள். அது அவருக்கும் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.