பதினொன்றாவது தீர்மானம்

ஆசிரியர் சங்கப் பொதுக்குழுவில் மூன்றாம் வகுப்பு டீச்சர் தூக்கிய வலது கை ஒன்பது வருடங்களாகக் கீழே இறங்கவில்லை. அவருடைய வகுப்பறையில் விரிசல் விட்டிருந்த உத்தரத்தைப் பற்றிப் பேசத்தான் தூக்கினார். பட்டியலில் அது பதினொன்றாவது. முதல் பத்தும் பதவி உயர்வு, இடமாற்றம், விடுப்பு என்று இழுத்துக்கொண்டே போக, டீ வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது.

"அடுத்த கூட்டத்துல மொத வேலையா எடுத்துக்கலாம் டீச்சர், கையக் கீழ போடுங்க" என்றார் தலைவர்.

"வர மாட்டேங்குது சார்" என்றார் டீச்சர்.

எலும்பு மருத்துவர் கையில் ஒரு குறையுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். டீச்சர் இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகினார். கணவர் கொசுவலையின் ஒரு முனையை அந்தக் கையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். முதலில் கை மரத்துப்போனது, பிறகு டீச்சருக்கு மனசும் மரத்துப்போனது. சங்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. தூக்கிய கையைக் காரணம் காட்டி டீச்சரை வேலையை விட்டு அனுப்பப் பார்த்த அதிகாரியின் வாசலில் இரண்டு நாள் வெயிலில் உட்கார்ந்து தடுத்தது சங்கம்தான். தூக்கிய கைக்கென்று வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் தனி விடுப்பும் வாங்கிக் கொடுத்தது. உத்தரம் மட்டும் வருடத்துக்கு நான்கு விரற்கடை தாழ்ந்துகொண்டே வந்தது.

ஒன்பதாம் வருடம் ஒருவழியாகப் பதினொன்றாவது தீர்மானம் ஓட்டுக்கு வந்தது: உத்தரத்தை மாற்றும்வரை வேலைநிறுத்தம். ஆதரித்து நாற்பது கைகள். எதிர்த்தும் நாற்பது கைகள். டீச்சரின் கை இரண்டிலும் இருந்தது.

"என்னோடத எதிர்ப்புல சேக்காதீங்க சார். அறுபத்திரெண்டு புள்ளைங்க அதுக்குக் கீழதான் உக்காந்திருக்கு."

"எனக்குத் தெரியாதா டீச்சர்? தூக்குன கைய எண்ணாம விட்டா நாளைக்கு நம்ம சங்கத்த யாரு நம்புவா?" தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர்தான். ஓட்டு சமமானதால் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் போனது.

மறுநாள் ஏழாம் வாய்ப்பாடு நடக்கும்போது உத்தரம் முறிந்து, டீச்சரின் உள்ளங்கை வரை வந்து நின்றது. தூசி அடங்கியதும் பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து சொன்னார்கள். வேறு அறை இல்லாததால் வகுப்பு அங்கேயே நடந்தது. பார்வையிட வந்த அதிகாரி பதிவேட்டில் 'தூண்: ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கணவர் சாப்பாடு கொண்டுவந்து ஊட்டினார். "வீட்டுக்கு எப்ப வருவே?" என்று கேட்டார்.

"அடுத்த கூட்டம் எப்பன்னு கேட்டுட்டு வாங்க."

அவர் போய்க் கேட்டார். பிறகு வீட்டுக்குப் போய்க் கொசுவலையை எடுத்துக்கொண்டு வந்தார்.