மதரின் பெருமூச்சு

கன்னியர் மடத்துத் தலைவி தன் கையாலேயே குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு சந்துக்கு வருவதைத் தெரு பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அந்தத் தொட்டியின் ஒரு சக்கரம் செத்துப்போய் நாளாகிவிட்டது. கல்தரையில் அது போடுகிற சத்தத்துக்கு எதிர் மாடித் தையற்காரி மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவாள். வராவிட்டால் அவளுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

சந்துக்கு இந்தப் பக்கம் கன்னியர் மடம், அந்தப் பக்கம் பிக்குணிகள் மடம். இங்கே முக்காடு, அங்கே மொட்டைத்தலை. இங்கே சிலுவை, அங்கே புத்தர். அங்கே மத்தியானத்துக்கு மேல் யாரும் சாப்பிடுவதில்லை என்பதால் அடுப்படி அதோடு மூடிவிடும். இங்கே இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் தினமும் மலையாகக் கிடக்கும். இரண்டு மடத்துக்கும் பொதுவாக இருந்தது இந்தக் குப்பைச் சந்து ஒன்றுதான். அப்புறம், இரண்டு பக்கமும் தொட்டியை இழுத்துக்கொண்டு வருவது தலைவியே என்பது.

கன்னியர் மடத்தில் மொத்தமே ஆறு பேர். தலைவியை எல்லோரும் மதர் என்று கூப்பிடுவார்கள். தெருவும் அப்படித்தான். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தொடர்ந்து மூன்று முறை தலைவியாக இருந்தாயிற்று. சட்டப்படி நான்காவது முறை கூடாதுதான். ஆனால் ஆள் இல்லாத மடத்துக்கு யார் சட்டம் பேசுவார்கள்? 'சூழ்நிலையைப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள்' என்று மேலிடம் விலக்குக் கொடுத்துவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று மற்ற ஐந்து பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். மதர் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேர்தல்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே என்பாள் தையற்காரி. அவளுக்கென்ன, அவளுடைய மாமியாரே அவளிடம் வாயைத் திறக்கப் பயப்படுகிற வீடு. மடத்தில் கீழ்ப்படிதல் என்று ஒரு வார்த்தைப்பாடு, கன்னியராகும்போதே செய்த சத்தியம், இருக்கிறது. எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டால் குற்றம். போடாதீர்கள் என்று கேட்டாலும் குற்றம். போட்டுவிட்டால் தலையைக் குனிந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தச் சாவிக்கொத்து இருக்கிறதே, அது மதரின் இடுப்பில் ஒரு பக்கமாகத் தொங்கித் தொங்கி அவர் நடையையே சாய்த்துவிட்டது. விடிவதற்கு முன் மணி அடிப்பது அவர். அடைத்துக்கொண்ட பாய்லரைத் தட்டி எழுப்புவது அவர். மாடி ஒழுகினால் வாளி வைப்பது அவர். மூத்த சிஸ்டரின் காதுக் கருவிக்கு பேட்டரி மாற்றுவது, சமையல் சிஸ்டருக்கும் பாட்டு சிஸ்டருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில் நடுவில் நின்று 'உப்பு வேண்டுமாம்', 'உப்பு இல்லையாம்' என்று தூது போவது, எல்லாம் அவர்தான். படுத்தால் கால் தனியாக வலிக்கும், இடுப்பு தனியாக வலிக்கும்.

"என்ன தங்கச்சி, முகம் இப்படித் தொங்கிப்போயிருக்கு?" என்றார் அந்தப் பக்கத்துத் தலைவியான பெரிய பிக்குணி, தன் தொட்டியைச் சுவரோரம் நிறுத்திக்கொண்டே. மதரைவிட நாலைந்து வயது மூத்தவர். தங்கச்சி என்று அவர் கூப்பிட ஆரம்பித்த அன்றே மதருக்கும் அவர் அக்கா ஆகிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை தேர்தல் அக்கா. மறுபடியும் என் தலையிலதான் கட்டப்போறாங்க."

"உனக்காவது தேர்தல்னு ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுல யாரு முதல்ல துறவு வாங்கினாளோ அவதான் மூத்தவ. நானும் என் தோழியும் ஒரே நாள்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம். மொட்டையடிக்கிற கத்தி முதல்ல என் தலைக்கு வந்துச்சு. அதான் நான் செஞ்ச தப்பு. அவ இப்பவும் அங்க மரத்தடியில நிம்மதியா கண்ணை மூடி உக்காந்திருக்கா. நான் குப்பையோட நிக்கிறேன்."

மதர் சிரித்துவிட்டு, வழக்கம்போல ஒரு பெருமூச்சு விட்டார். பெரிய பிக்குணி அந்தப் பெருமூச்சைக் கவனித்தார். 

கேட்கத்தான் கூடாது, தானாக ஓட்டு விழாமல் போனால் யார் என்ன செய்ய முடியும்? மதருக்கு இப்படி ஓர் எண்ணம் வந்தது. வியாழக்கிழமை காலை மணியை அடித்துவிட்டு, வேண்டுமென்றே அறைக்குத் திரும்பிப்போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். பொறுப்பில்லாத தலைவி என்று பெயர் வரட்டும். கால் மணி நேரம் கழித்து இறங்கிப் போனால், சிற்றாலயத்தில் ஐந்து பேரும் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறார்கள். மூத்த சிஸ்டர்கூடத் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க வராம எப்படி மதர் ஆரம்பிக்கிறது?" என்றார் பாட்டு சிஸ்டர்.

"உடம்புக்கு ஏதோன்னு பயந்தே போயிட்டோம். சுக்குத் தண்ணி போடட்டுமா?" என்றார் சமையல் சிஸ்டர்.

ஒரு நாள் தாமதமாக வந்ததற்குப் பலன், அன்று முழுக்க அவரைச் சுற்றி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். பார்த்தார்களே தவிர, பாத்திரத்தை யாரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மடத்தில் ஒரு கூட்டம் நடக்கும். ஒவ்வொருவராக நடுவில் முழங்காலிட்டு, அந்த வாரம் செய்த சின்னச் சின்னத் தவறுகளைத் தாங்களே சொல்ல வேண்டும். கதவை அறைந்து சாத்தினேன், தட்டை உடைத்தேன், செபத்தில் தூங்கிவிட்டேன், இந்த மாதிரி. முன்னொரு காலத்தில் ஒருவர் தவறை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் வழக்கமும் இருந்ததாம். அது எப்போதும் ஒரே மாதிரி முடிந்ததால் கைவிட்டுவிட்டார்கள். எப்படி முடிந்தது என்று கேட்டால் மூத்த சிஸ்டர் தன் உடைந்த பக்கப் பல் ஒன்றைக் காட்டுவார். விளையாட்டுக்குத்தான் காட்டுகிறார் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

மதர் அன்று ஒரு வெறியோடு முழங்காலிட்டார். எனக்குப் பொறுமை இல்லை என்றார். எனக்கு ஞாபகமறதி என்றார். மாடி ஒழுக்கை இரண்டு வருடமாகச் சரிசெய்யத் துப்பில்லாதவள் என்றார். என்னிடம் அன்பு வற்றிவிட்டது, வெறும் சத்தம்தான் மிச்சம் என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை முந்தின நாள் பாத்திரம் தேய்க்கும்போது யோசித்து வைத்திருந்தார். நன்றாக வந்துவிட்டது என்று அவருக்கே பட்டது.

நிமிர்ந்து பார்த்தால் பாட்டு சிஸ்டர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"எவ்வளவு தாழ்ச்சி!" என்றார் சமையல் சிஸ்டர். "இந்த மனசு யாருக்கு வரும்?"

அவ்வளவுதான். விழாத ஓட்டும் அந்த நிமிடத்தில் விழுந்துவிட்டது.

அன்று மாலை சந்தில் இதைக் கேட்டுவிட்டுப் பெரிய பிக்குணி சிரித்த சிரிப்பில் தையற்காரி ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்தாள்.

"அடி பைத்தியக்காரி. உன் குறையை நீயே சொன்னா அது தாழ்ச்சி. அடுத்தவ சொன்னாத்தான் அது குறை."

"எங்ககிட்ட அப்படிச் சொல்ற வழக்கம் இல்லையே அக்கா."

"எங்ககிட்ட இருக்கு. மழைக்காலம் பூரா வெளியூர் போகாம ஒரே இடத்துல தங்குவோம். அது முடியற அன்னிக்கு எல்லாரும் கூடி உக்காருவோம். மூத்தவதான் முதல்ல கை கூப்பணும். 'என்கிட்ட நீங்க பார்த்தது, கேட்டது, சந்தேகப்பட்டது, எதுவா இருந்தாலும் இரக்கப்பட்டுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன்'னு கேக்கணும். கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அதுதான் கஷ்டம்."

"சொல்வாங்களா?"

"போன தடவை எங்க கடைக்குட்டி சொல்றா: 'அம்மா, நீங்க மௌனமா இருக்கிறதுகூட அதட்டுற மாதிரியே இருக்கு'ன்னு. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல. ஆனா உண்மைதான். நீயும் கேட்டுப் பாரேன்."

சனிக்கிழமை மதர் ஐந்து பேரையும் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்தார். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கை கூப்பிக்கொண்டு, சந்தில் கேட்டதை அப்படியே கேட்டார். பார்த்தது, கேட்டது, சந்தேகப்பட்டது. எதற்குக் கேட்கிறார் என்பது அங்கே யாருக்கும் புரியவில்லை. அவருக்கு மட்டும் தெரியும்: சாவிக்கொத்தை இறக்கி வைக்க இதைவிட்டால் வேறு வழி இல்லை.

 பாய்லர் மட்டும் மேலே முனகிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மதர்" என்றார் பாட்டு சிஸ்டர்.

"ஒண்ணு இருக்கு" என்றார் சமையல் சிஸ்டர், மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டே. "நாங்க கழுவி வைக்கிற பாத்திரத்தை நீங்க மறுபடி கழுவுறீங்க."

"அது... மூலையில பிசுக்கு இருந்தா..."

வாயை மூடிக்கிட்டு இருக்கணும். மதர் நிறுத்திக்கொண்டார்.

"இருக்கட்டும். அதுக்காக எங்க கண்ணு முன்னாடியே கழுவணுமா? நான் தினமும் பார்த்துட்டு, சரி, எப்படியும் அவங்க கழுவத்தானே போறாங்கன்னு பாதியில விட ஆரம்பிச்சிட்டேன். அதான் பிசுக்கு."

அதற்குள் பாட்டு சிஸ்டருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. மணியை நான் அடிக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டாராம், மதர் சரி என்றாராம், ஆனால் மறுநாள் கயிற்றடியில் போய் நின்றால் அங்கே ஏற்கெனவே மதர் நின்றாராம். "அப்படின்னா எதுக்கு மதர் சரின்னு சொன்னீங்க?"

தோட்டத்து சிஸ்டர் எப்போதும் எதற்கும் பேசாதவர். நகக்கண்ணில் மண்ணோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலைச் செபத்துக்கு மாதத்தில் பாதி நாள் கடைசியாக வருகிறவர்.

"நான் ஒண்ணு சொல்லவா மதர்? கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க சிஸ்டர்."

"நீங்க எதுக்குமே முடியாதுன்னு சொன்னதில்ல. எது கேட்டாலும் சரின்னுடுவீங்க. அப்புறம் மூணு நாளைக்குப் பெருமூச்சு விடுவீங்க. படியில ஒண்ணு, செபத்துல ஒண்ணு, சூப் ஊத்தும்போது ஒண்ணு. உங்க களைப்பைப் பார்த்துப் பார்த்தே நாங்க எல்லாரும் களைச்சுப்போயிட்டோம். ஒரு வேலை செய்யலாம்னு எழுந்தாக்கூட அந்தப் பெருமூச்சு வந்து உக்கார வச்சிடுது."

 மூத்த சிஸ்டர் காதுக் கருவியைத் திருகிக்கொண்டே, "என்ன சொல்றா? பெருமூச்சா? ஆமாமா, அது எனக்கே கேக்கும்" என்றார்.

மதருக்கு முகம் சூடாகிவிட்டது. கேட்டது இவ்வளவு அல்ல. ஞாபகமறதி, கொஞ்சம் சிடுசிடுப்பு என்று இரண்டு மூன்று சொல்லி விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தார். இத்தனை வருடம் இவர்களுக்காக இழுத்த பாரத்தை தாங்கள்தான் சுமந்தோம் என்கிறார்களே இவர்கள்! வாயில் பதில் வந்து முட்டியது. கூடவே மார்புக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சும் கிளம்பியது. ஐந்து பேரும் அதற்காகக் காத்திருப்பது தெரிந்தது. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்தி, இருமலாக மாற்றிவிட்டார்.

"நன்றி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றார். கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்தார். ஒரு சட்டியின் விளிம்பில் பிசுக்கு இருக்கத்தான் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல் சீக்கிரமே முடிந்துவிட்டது. மடித்த சீட்டுகளைப் பிரித்தபோது தோட்டத்து சிஸ்டரின் பெயர் வந்தது. அப்புறமும் அதே பெயர். ஒரே ஒரு சீட்டில் மட்டும் மதரின் பெயர் இருந்தது. அது தோட்டத்து சிஸ்டர் போட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று பிற்பாடு தையற்காரி தீர்ப்புச் சொன்னாள். அவளை யார் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

"ஐயோ, எனக்கு மணி அடிக்கக்கூட எழுந்திருக்க வராதே!" என்றார் தோட்டத்து சிஸ்டர். ஆனால் கீழ்ப்படிதல் இருக்கிறதே. குனிந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். கொத்து இறங்கியதும் மதரின் இடுப்பு ஒரு பக்கம் லேசாகித் தள்ளாடியது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தார். வேண்டிக் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் இவ்வளவு சுலபமாகவா? ஒரு பேச்சுக்காவது இன்னொருத்தி தன் பெயரை எழுதியிருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை காலை பழக்கதோஷத்தில் இருட்டிலேயே கண் விழித்துவிட்டது. கை தலையணைக்கடியில் சாவியைத் தேடிப்போய், வெறுந்துணியைத் தொட்டுத் திரும்பியது. மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? புது மதர் இன்னும் குறட்டையில் இருப்பார். எழுந்து போய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் என்ன? கால் ஒன்று கட்டிலைவிட்டு இறங்கியது. இறங்கிய கால் தரையின் குளிர்ச்சியில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு போர்வைக்குள் திரும்பிவிட்டது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. அரக்கப்பரக்க முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினால், சிற்றாலயம் காலி. புத்தகங்கள் அடுக்கியிருந்தன. மெழுகுவர்த்தி அணைந்து புகை வாசனைகூடப் போய்விட்டது. யாரும் அவருக்காகக் காத்து நிற்கவில்லை.

சாப்பாட்டு அறையில் ரொட்டியின் ஓரத்துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. தேநீர் ஆறிப்போயிருந்தது. "எழுப்ப வேணாம்னு மதர் சொல்லிட்டாங்க" என்றார் சமையல் சிஸ்டர். மதர் என்ற சொல் வேறு ஆளைக் குறிக்கிறது என்று புரிய இவருக்கு ஒரு வினாடி பிடித்தது. ஆறிய தேநீரைக் குடித்தார். ஓரத்துண்டை அதிலேயே தோய்த்துத் தின்றார். கால் தானாகச் சந்துப் பக்கம் நடந்தது.

தொட்டி ஏற்கெனவே வெளியே வந்திருந்தது. கோணலாக, மூடி திறந்தபடி, பாதிச் சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. முட்டைக் கோஸ் இலை ஒன்று வெளியே தொங்கியது. அவர் கை மூடியை நோக்கி நீண்டது.

"என்ன தங்கச்சி, அது இனிமே உன் தொட்டி இல்லையாமே?"

பெரிய பிக்குணி தன் வீட்டுத் தொட்டியை வாசற்படியில் இறக்க முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"சும்மா காத்து வாங்க வந்தேன் அக்கா."

"குப்பைத் தொட்டிகிட்டயா? நல்ல காத்துதான். சரி, சும்மாதானே நிக்கிற, இதை ஒரு கை பிடி. படி இறக்கிட்டாப் போதும்."

சரி என்ற வார்த்தை மதரின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதன் பின்னாலேயே பெருமூச்சும் வரிசையில் நின்றது. மேலே தையற்காரியின் மிஷின் நின்றுபோயிருந்தது.

"முடியாதுக்கா" என்றார் மதர். "கால் வலிக்குது."

சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. பெரிய பிக்குணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். தொட்டியைப் படியின் மேலேயே விட்டுவிட்டு, இறங்கி வந்து, சுவரோரம் கவிழ்த்துக் கிடந்த பழைய மரப்பெட்டியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினார்.

"அப்போ உக்காரு. எனக்கும் வலிக்குது."

மதர் உட்கார்ந்தார். பெட்டி முனகியது, தாங்கிக்கொண்டது. எதிரே மூடி திறந்த தொட்டி அப்படியே இருந்தது. பூனை ஒன்று வந்து அந்த முட்டைக் கோஸ் இலையை இழுத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போயிற்று. குப்பை வண்டி வருகிறவரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.