எட்டு நரம்பு யுகுலேலே

...நாலு நரம்பு போதாதா, நாலுக்கும் பக்கத்திலேயே இன்னொன்று எதற்கு, அதுவும் அதே சுரத்தில், சொன்ன வார்த்தையையே திரும்பச் சொல்கிற மாதிரி... ஹெலன் அந்த யுகுலேலேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் அப்ராரின் கடைக்கு முன்பக்கம் மொபைல் ரிப்பேர், பின்சுவரில் கீபோர்டுகளும் கிட்டார்களும், அவற்றின் நடுவே கைக்குழந்தை அளவில் ஒரு குட்டிக் கிட்டார் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது இது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் நேராக வந்துவிட்டாள், கையில் இன்னும் எண்ணெய் வாசனை போகவில்லை. அவளை ஆரம்பாக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போக பைக்கில் வந்த கணவன் ஜெரால்ட் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாலு நரம்பு யுகுலேலே இருக்கிறதே, ஞாயிறுதோறும் சர்ச்சில் அதை வைத்துத்தானே இவன் பாடுகிற பாட்டுக்கு வாசிக்கிறாள், பிறகு எதற்கு இது என்று கேட்பானோ... கேட்க மாட்டான், அவன் அப்படிக் கேட்கிற ஆளில்லை. சிப்காட்டில் மெஷின் மாட்ட வந்த கொரியாக்காரர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். எடுத்துப் பார்க்கிறவர்கள் எல்லாம் டியூன் நிற்கவில்லை என்று திரும்ப மாட்டிவிடுகிறார்களாம், அப்ரார் மறைக்காமல் சொல்லிவிட்டான்.

நரம்புகளின் மேல் விரலை இழுத்தாள். அட, இதென்ன... ஒரு ஆள் பாடினதாக இல்லையே, இரண்டு பேர் தோளோடு தோள் நின்று பாடின மாதிரி, நடுவில் ஒரு மினுமினுப்பு, ஏரித் தண்ணீரில் வெயில் விழுந்து ஆடுமே, அந்த மாதிரி. மறுபடியும் இழுத்தாள். அந்த மினுமினுப்பு எங்கே இருக்கிறது, முதல் நரம்பிலா, இரண்டாவதிலா? ஒன்றை விரலால் அமுக்கிவிட்டு மற்றதை மட்டும் மீட்டினால் வெறும் சத்தம்தான் வந்தது, விட்டதும் மறுபடி ஆடியது. அப்படியென்றால் அது இரண்டிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சின்ன வித்தியாசத்தில் இருக்கிறது... சிரிப்பு வந்தது அவளுக்கு. சட்டென்று ஒன்று தோன்ற, யாருக்கும் தெரியாமல் தலையைச் சாய்த்து இடது காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். மூடின கதவுக்குப் பின்னால் யாரோ மீட்டுகிற மாதிரி இருந்தது. மினுமினுப்பைக் காணோம்.

கம்பெனியில் காது டெஸ்ட் வைத்தபோதுதான் அது தெரிந்தது. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்றார்கள். வலது காதுக்கு டக் டக்கென்று அமுக்கினாள், பிறகு இடது காதுக்கு ஒன்றுமே வரவில்லை. மெஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று டெஸ்ட் எடுத்த பெண்ணின் முகத்தைப் பார்த்தால், அவள் முடிந்தது என்று ஹெட்போனைக் கழற்றிக்கொண்டாள். இடது பக்கம்தான் தகடு அடிக்கிற பெரிய பிரஸ், அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று அந்தக் காதில் மட்டும் பஞ்சு வைக்காமல் இருந்தது எத்தனை வருஷம்... ஜெரால்டிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பான், கோபமாகக்கூட அல்ல, சாந்தமாகச் சொல்லுவான், அதுதான் கஷ்டம். வேலையை விட்டு என்ன செய்வாள்? தகடு உள்ளே போய்ப் பாத்திரமாக வெளியே விழுகிற அந்த நொடி அவளுக்குப் பிடிக்கும், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பிடிக்கும், அதை எப்படி இன்னொருவருக்குச் சொல்லிப் புரியவைப்பது? அதுவுமில்லாமல் சர்ச்சில், காது கேட்காத பொம்பள எப்படி வாசிப்பாள் என்று...

ஒரு ஜோடியில் ஒரு நரம்பு சுருதி இறங்கிக் கிடந்தது. அப்ரார் மொபைலில் டியூன் பார்க்கிற ஆப்பைத் திறந்து நீட்டினான். வீட்டில் அவளும் அதைப் பார்த்துத்தான் வைப்பாள், பச்சை விளக்கு வந்தால் சரி, காதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? வேண்டாம் தம்பி, நானே பார்க்கிறேன் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நரம்பை முறுக்குகிற குமிழைத் திருகினாள், மீட்டினாள், இன்னும் கொஞ்சம் திருகினாள், இதோ, இரண்டும் ஒன்றாகிவிட்டது, கச்சிதம். நிமிர்ந்தாள்.

"இல்ல ஹெலன்," என்றான் ஜெரால்ட். "ரெண்டும் ஒண்ணா இல்ல."

குரலில் குறை எதுவுமில்லை, மழை வருது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். ஆனாலும் அவள் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இவனுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. சுவரிலேயே மாட்டிவிட்டுக் கிளம்பிவிடலாமா... நாலு நரம்பே நமக்கு மேல், அதற்குப் பச்சை விளக்காவது இருக்கிறது. திரும்ப மாட்டப்போனவள் என்ன நினைத்தாளோ, குனிந்து, தாடையை மரத்தின் ஓரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு தடவை மீட்டிப் பார்த்தாள்.

துடித்தது. காதில் அல்ல, பல்லில், தாடை எலும்பில்... வவ் வவ் வவ் என்று ஒரு துடிப்பு, ஓடிவந்தவனின் நெஞ்சு போல. இது என்ன? குமிழை இம்மி திருகினாள், துடிப்பு நிதானமானது. இன்னும் இம்மி திருக, அது தூங்குகிறவனின் மூச்சாக நீண்டது. இன்னும் கொஞ்சம்... நின்றுவிட்டது. எல்லாம் ஒரே சமமாக, பிரஸ் ஓடுகிறபோது கையை வைத்தால் இருக்குமே, அந்தச் சமம். ஒற்றை நரம்பு தப்பாக இருந்தால் அது தப்பு என்று சொல்ல யாருமில்லை, இங்கே ஒன்று தப்பினால் பக்கத்தில் இருக்கிறது கிடந்து அடித்துக்கொள்கிறது. இதற்குத்தானா இரட்டை? செய்தவன் இதை நினைத்தா செய்தான், இருக்காது, ஆனால்...

"இப்போ சரியா கீது," என்றான் ஜெரால்ட். பர்ஸை எடுத்துக்கொண்டே, "உனக்குப் புடிச்சிருந்தா எடுத்துக்கோ," என்றான். தாடையை ஏன் அதில் வைத்தாய் என்று அவன் கேட்கவில்லை. அப்ரார்தான் கேட்டான், இப்படி யாரும் டியூன் பண்ணி நான் பார்த்ததில்லையே அக்கா என்று. பழக்கம் தம்பி என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். நாளைக்கு சர்ச்சுக்கு இதையே கொண்டுபோவது என்று அதற்குள் முடிவாகிவிட்டிருந்தது மனதில். தாடையை வைப்பதைப் பார்த்து யாராவது கேட்டால் கேட்கட்டும்.

வாங்கி உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரோட்டில் லாரிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நகர்ந்தன, பைக் எதிர்ப்பக்கம் நின்றது. கூடவே இடது கைப்பக்கம் இறங்கின ஜெரால்ட், பாதி ரோடு தாண்டினதும் அவளுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி வலது பக்கம் வந்துகொண்டான். வந்து, நாளைக்கு எந்தப் பாட்டு எடுக்கலாம் என்றான். தெளிவாகக் கேட்டது. லாரி வருகிற பக்கம் மறித்துக்கொண்டானா? இல்லையே, பாதிக்கு மேல் லாரி இடது பக்கமிருந்துதானே வருகிறது... ரயிலில் ஜன்னலோரம் எனக்கு வேண்டாம் என்று இவன் மாறி உட்கார்ந்தது, சந்தையில், கல்யாண வீட்டுப் பந்தியில், படுக்கையில் சுவர்ப்பக்கம்... எப்போதிலிருந்து? டெஸ்ட்டுக்கு முன்பேயா? நினைவைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள், இவன் இடது பக்கம் இருந்த ஒரு நாளைக் காணவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"இன்னா?" என்றான் ஜெரால்ட், அவள் வலது காதுக்குக் குனிந்து.