பச்சைக்கு மேல் சிவப்பு

திருச்செங்கோட்டில் மாரியப்பனின் டிங்கர் பட்டறைக்கு அந்த லாரி கிரேனில் தொங்கிக்கொண்டுதான் வந்தது. மூக்கு நீண்ட பழங்காலத்து வண்டி. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மூடிப்போன ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் முள்ளுக்குள் கிடந்ததாம். கொண்டுவந்த நந்தகுமார் போர்வெல் கம்பெனி வீட்டுப் பையன். அவனுடைய தாத்தா புதுசாக வாங்கிய முதல் லாரி இதுதான். எப்போதோ விற்றுவிட்டதை ஊர் ஊராகத் தேடிப்பிடித்து, சேஸிஸில் துருவைச் சுரண்டி எண்ணைப் படித்து, தாத்தா சொல்லி வைத்திருந்த எண்ணோடு ஒத்துப்போனதும் அந்த முள்ளுக்குள்ளேயே நின்று கும்பிட்டானாம்.

"புது ஆபீஸ் வாசல்ல நிறுத்தோணுமுங்கண்ணா. எஞ்சின் ஓடாட்டிப் போகுது. தாத்தா இப்பத்தான் எறங்கி டீ குடிக்கப் போனாப்பல இருக்கோணும்" என்றான்.

மாரியப்பன் தலையை ஆட்டினார். மூக்கு லாரியைக் கண்டால் இன்னமும் அவர் கண் முதலில் அதன் நிறத்தைத்தான் தேடும். அவர் டிங்கர் வேலைக்கு வந்ததே அப்படி ஒரு லாரிக்காகத்தான். இடித்த வண்டி எங்கே சுற்றினாலும் ஒருநாள் டிங்கரிடம் வந்துதானே தீரவேண்டும் என்று மீசை முளைக்காத வயதில் போட்ட கணக்கு.

அவருடைய அக்கா பாவாயி தண்ணீர் எடுத்துக்கொண்டு நிறைகுடத்தோடு ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தாள். சின்னப் பையனாக இருந்த மாரியப்பன் வேப்பங்கொட்டை பொறுக்கிக்கொண்டு வெகு பின்னால் வந்தார். ஒரு பச்சை மூக்கு லாரி அவரைத் தாண்டிப் பறந்தது. வளைவுக்கு அப்பால் போய்ப் பார்த்தபோது லாரி இல்லை. அக்கா பள்ளத்தில் கிடந்தாள். பித்தளைக் குடம் நசுங்கித் தள்ளிக் கிடந்தது.

அன்று காலையில்தான் அம்மா அத்தாயி அவளைச் சீமாறால் அடித்திருந்தாள், மஞ்சள் மண்டிப் பையனோடு பேசினாள் என்று. ஊருக்கு அது போதாதா? அவளாகத்தான் போய் விழுந்தாள் என்று பொழுது சாய்வதற்குள் முடிவுகட்டிவிட்டார்கள். போலீசும் அதையே பிடித்துக்கொண்டது. பச்சை லாரி, பச்சை லாரி என்று ஒரு பொடியன் கத்தியதை யார் காதில் வாங்கப்போகிறார்கள்?

கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்கு வருஷா வருஷம் புதுச்சேலை வைத்துக் கன்னியாகக் கும்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். பாவாயிக்கு வைக்கவில்லை. தானாக உயிரை விட்டவளுக்கு எதற்குச் சேலை என்று பங்காளிகள் தடுத்திருப்பார்கள், அம்மா ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறாள் என்று மாரியப்பன் நினைத்துக்கொண்டார். நசுங்கிய குடத்தை அவள் அட்டாலிப் பரணில் பத்திரமாக வைத்திருந்ததும் அதனால்தான் என்று நினைத்தார். என்றைக்காவது அந்த லாரியைக் கண்டுபிடித்து அம்மாவின் மனசை ஆற்றிவிட வேண்டும். அவருக்கு இதைத் தவிர வேறு பெரிய ஆசை இருந்ததில்லை. மூக்கு லாரிகள் ரோட்டைவிட்டே ஒழிந்தபோது அந்த ஆசையையும் மூட்டைகட்டி வைத்துவிட்டார்.

இப்போது உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலே நீலம். அதைத் தேய்த்தால் சிவப்பு. நந்தகுமாரின் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த நிறம் சிவப்புதான். ஆனால் சிவப்புக்கு அடியில் பச்சை இருந்தது. 'ஊரில் பச்சை லாரிக்கா பஞ்சம்' என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு தேய்த்தார். இடது மட்கார்டுக்கு வந்தபோது கை நின்றது. தகரத்தை நிமிர்த்தச் சோம்பல்பட்ட எவனோ ஒரு புண்ணியவான் அங்கே பட்டிப் பசையைக் கனமாக அப்பி மூடியிருந்தான். உளி வைத்துத் தட்டியதும் அது மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது.

உள்ளே ஒரு ஒடுக்கு. கிண்ணம்போலக் குழிவு, அதன் மேல்பக்கம் பிறைபோல ஒரு கோடு. குழிக்குள் பச்சை. பட்டிக்கு மேலேதான் சிவப்பு. பச்சையாக ஓடியபோது எதையோ இடித்திருக்கிறார்கள், உடனே பட்டி வைத்து நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். மாரியப்பன் எழுந்து பக்கத்தில் நின்று பார்த்தார். சரியாக இடுப்பு உயரம்.

வீட்டுக்குப் போய் அம்மாவுக்குத் தெரியாமல் குடத்தை எடுத்து வந்து குழியில் பொருத்தினார். குடத்தின் வயிறு குழிவில் உட்கார்ந்தது. வளைந்த விளிம்பு பிறைக்கோட்டில் உட்கார்ந்தது. கையை எடுத்தால்கூட விழாது போலிருந்தது. மாரியப்பன் தரையில் உட்கார்ந்து அழுதார்.

பிறகு நந்தகுமாருக்குப் போன் போட்டார்.

"ஏனுங் தம்பி, இந்த வண்டிய அப்ப ஆரு ஓட்டுனது?"

"தாத்தாவேதானுங்க. ஒரு எறும்பக்கூட அடிச்சதில்லைன்னு பெருமையாச் சொல்லுவாரு. ஆபீஸ்ல அவரு படமும் மாட்டப்போறோம். ஏனுங்கண்ணா?"

"சும்மாதானுங்க கேட்டேன்."

சொல்லி என்ன ஆகப்போகிறது? ஓட்டியவர் மாலையோடு படத்துக்குள் போய்விட்டார். இந்தப் பையன் அப்போது பிறக்கவேயில்லை. ஆனால் அம்மா இருக்கிறாள். அது போதும் என்று மாரியப்பனுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் அத்தாயியை ஆட்டோவில் கூட்டிவந்து லாரியின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். குடத்தைப் பொருத்திக் காட்டினார்.

"இடுப்புல இருக்கறப்பவே இடிச்சிருக்குதுங்கம்மா. வண்டிதான் ரோட்ட உட்டு எறங்கி வந்து அடிச்சிருக்குது. சாகப்போறவ நெறகொடத்த இடுப்புல வெச்சுக்கிட்டா உழுவா?"

அத்தாயி குழிக்குள் விரலை விட்டுத் தடவினாள்.

"அப்ப அவளா உழுகுலியா?"

"இல்லீங்கம்மா. அக்கா ஒண்ணும் பண்ணுல."

அவள் ஊரைத் திட்டுவாள், லாரிக்காரனின் வம்சத்துக்கே மண்ணை வாரி இறைப்பாள், பிறகு ஒரு மூச்சு அழுது தீர்த்துவிடுவாள் என்று மாரியப்பன் எதிர்பார்த்திருந்தார். அத்தாயி விரலை எடுக்கவேயில்லை.

"நான் நம்பிட்டனே சாமி" என்றாள்.

"என்னதுங்கம்மா?"

"ஊரு சொன்னத நானும் நம்பிட்டேன். நாலு அடி அடிச்சதுக்கு உசுர உட்டு என்னையக் கொலகாரி ஆக்கிட்டுப் போயிட்டாளேன்னு. இந்தக் கொடத்த எதுக்கு வெச்சிருந்தேன்னு நெனச்ச? பாத்துப் பாத்து அவள வையறதுக்குத்தான். பங்காளிக ஊடு தேடி வந்து, போனது போச்சு, புள்ளைக்கு ஒரு சேல வெச்சுரலாம்னாங்க. நாந்தான் கூடாதுன்னு தொரத்தி உட்டேன்."

மாரியப்பன் குடத்தைக் குழியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"இத்தன வருசமா எம்புள்ள துணியில்லாம நின்னிருக்குமே சாமி" என்றாள் அத்தாயி. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே அவர் ஒரு மாம்பழ நிறச் சேலை எடுத்துவந்து சாமி படத்தடியில் வைத்தார். அத்தாயி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். கஞ்சி அப்படியே ஆறிப்போனது. பட்டியைப் பெயர்க்காமலே விட்டிருக்கலாம் என்று மாரியப்பன் நொந்துகொண்டார். ஒரு டிங்கருக்கு வரக்கூடாத நினைப்பு, ஆனாலும் வந்தது.

வேலையை முடித்துத்தானே ஆகவேண்டும். உள்பக்கம் இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியிலிருந்து சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். முதலில் பிறைக்கோடு அழிந்தது. பிறகு குழிவு நிமிர்ந்தது. அக்காவைப் பற்றி உலகத்தில் இருந்த ஒரே சாட்சியை அவர் கையாலேயே இல்லாமல் ஆக்கினார். பட்டி ஒரு துளிகூட வைக்கவில்லை. அதற்கு மேல் சிவப்பு அடித்தார்.

வண்டியை எடுக்க வந்த நந்தகுமார் மட்கார்டைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"கண்ணாடியாட்டம் இருக்குதுங்கண்ணா. எங்காச்சும் ஒடுக்குகிடுக்கு இருந்துச்சுங்களா?"

"ஒண்ணு இருந்துச்சுங்க. எடுத்துட்டேன்."

"எடமே தெரியலீங்க!"

"தெரியாதுங்க."

வீட்டுக்குப் போனபோது அத்தாயி சுவரைப் பார்த்தே கிடந்தாள். சேலை வைத்த இடத்திலேயே இருந்தது.

"வண்டி போயிருச்சா?" என்றாள்.

"போயிருச்சுங்கம்மா. வர்ற வெள்ளிக்கெழம அக்காவுக்கு சேலைய வெச்சு கும்புட்டரலாம், எந்திரீங்க."

அவள் திரும்பவில்லை.

"கடையிலயே திருப்பிக் குடுத்துரு சாமி. நான் வெச்சா அவ வாங்கமாட்டா."