கடைசிப் பெட்டியின் கையெழுத்து

மருந்துத் தொழிற்சாலையில் மாதிரிகள் வைக்கும் அறை அவள் பொறுப்பு. ஒவ்வொரு முறை மாத்திரை தயாரானதும் ஒரு பெட்டியை அங்கே எடுத்து வைப்பார்கள். காலாவதியாகி ஒரு வருடம் ஆனதும் அழித்துவிடுவார்கள். மாத்திரை இயந்திரத்தை ஓட்டிய அவள் கணவனின் சாய்ந்த கையெழுத்து எத்தனையோ பெட்டிகளில் இருந்தது. "வீடு பார்த்ததும் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு அவன் தூரத்து நகரத்தின் தடுப்பூசி ஆலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. தினமும் அலமாரியைத் திறந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொள்வாள்.

இன்று அவன் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட பெட்டியை அழிக்கும் நாள்.

"என்னடி, புருஷனையே தண்ணியில கரைக்கப் போற மாதிரி முழிக்கிறே?" என்றாள் கூட வேலை செய்யும் அக்கா.

"லேபிளை மட்டும் எடுத்துக்கட்டுமா அக்கா?"

"லேபிள் கணக்குல ஒண்ணு குறைஞ்சாலும் ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். கரைக்கிறதுக்கு முன்னாடி லேபிளை அடிக்கணும், பேசாம அடிச்சுவிடு."

கறுப்புப் பேனாவால் அந்தக் கையெழுத்தை அடிக்க அவளுக்குக் கை வரவே இல்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். மாத்திரைகள் வாளியில் கரைந்தன. அவனுடையது என்று இனி அலமாரியில் எதுவும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குப் போன் போட்டாள்.

"வீடு இன்னும் சரியா அமையல..." என்று அவன் ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கிழமை நான் அங்க வரேன். சேர்ந்தே தேடலாங்க."

"அதுக்கில்ல..." என்று அவன் இழுத்தான். அவள் போனை வைக்கவில்லை.